கேள்வி கேட்க எட்டுப் பேர் வேண்டும்

கேள்வி கேட்க ஆள் எடுப்பதைப் போலச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை என்று நம்பித்தான் இந்த வேலையில் சேர்ந்தேன். நம் ஊரில் கேள்வி கேட்காதவர் யார், சொல்லுங்கள்? மின்சார ரயிலில் பெருங்களத்தூரில் ஏறி அடுத்த ஸ்டேஷனான தாம்பரத்தில் இறங்குவதற்குள் என் வாடகை, வீட்டுக்காரர் சம்பளம், பாப்பாவுக்குத் தம்பி எப்போது என்பது வரை பக்கத்து சீட்டு அம்மா கேட்டு முடித்துவிடுவார். அப்படிப்பட்ட ஊரில் எட்டுப் பேர் கிடைக்க மாட்டார்களா என்று நினைத்தேன். வீட்டு வேலைக்கு ஆள் தேடியவர்கள், பிளம்பருக்குப் போன் போட்டுப் போட்டு விரல் தேய்ந்தவர்கள், கல்யாணச் சமையலுக்கு மாஸ்டர் பிடித்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கூட்டம்.

விஷயம் இதுதான். டி.பி. நோயாளிக்கு மாத்திரை இலவசம். ஆனால் மாத்திரை வாங்கப் போகிற வண்டிச் சத்தம் இலவசமா? போட்ட லீவு? தின்ன வேண்டிய முட்டை? இதையெல்லாம் நோயாளிகளிடமே பக்குவமாகக் கேட்டு எழுதும் ஒரு சர்வே. கேட்டு எழுதுகிறவர்களைப் பிடித்து வரும் சூப்பர்வைசர் நான். அதுவும் தற்காலிகம். எங்கள் டாக்டர் மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: "மூணு வாரம் டைம். பயிற்சி அன்னிக்குக் காலையில எட்டுப் பேர் நாற்காலியில உக்காந்திருக்கணும். ஏழு பேர்தான்னா இந்தப் பக்கம் முழுக்க ஏஜென்சிக்குப் போயிடும். அவங்க சூப்பர்வைசரையும் அவங்களே கூட்டிட்டு வருவாங்க."

இதற்கு முன் நான் வேலை பார்த்தது பாரிமுனையில். பாப்பா கண் விழிக்கும் முன் கிளம்பினால் திரும்புவதற்குள் அவள் சாப்பாடு, ஹோம்வொர்க் எல்லாம் அவள் அப்பா முடித்திருப்பார். இப்போதோ ஆபீஸ் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறை. எல்.கே.ஜி. விடும் மணிக்கு வாசலில் போய் நிற்க முடிகிறது. அந்த எட்டு நாற்காலியில்தான் என் வீட்டுச் சந்தோஷமே உட்கார்ந்திருந்தது. ஜெராக்ஸ் கடைகளிலும் வாட்ஸ்அப் குரூப்புகளிலும் ஒரு நோட்டீஸ் போட்டேன்: "நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் தேவை. ப்ளஸ் டூ போதும்." உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் படித்தவள் நான், அங்கே நன்றாகப் பேசுகிற பிள்ளைக்குத்தான் பரிசு. அந்த நினைப்பு.

ஆட்டோவுக்கு நூற்றைம்பது

வருகிறவர்களைச் சோதிக்க நானே நோயாளியாக நடிப்பேன். பெயர் அமுதா, வயது நாற்பத்திரண்டு, வீட்டு வேலை செய்கிறவர், ஏரிக்கரைப் பக்கம் வாடகை வீடு. முதலில் வந்தவர் கமலா டீச்சர். இருபது வருஷமாகக் கணக்கு டியூஷன் எடுக்கிறவர். "ஆஸ்பத்திரிக்கு எதுல போனீங்கம்மா, எவ்வளவு ஆச்சு?" என்று தேன் மாதிரி ஆரம்பித்தார். "ஆட்டோங்க. போக வர நூத்தைம்பது" என்றேன். பேனா நின்றது.

"எங்கேருந்து எங்கே?" "பீர்க்கன்கரணையிலேருந்து தாம்பரம்ங்க." "நூத்தைம்பதா! ஏன், ஷேர் ஆட்டோ இல்லையா? மெயின் ரோடு வரைக்கும் நடந்தா பஸ் இல்லையா?" "நடந்தா மூச்சு வாங்குதுங்க." "மூச்சு வாங்கினா மெதுவா நடக்கணும்." அதற்கப்புறம் முட்டைக்கு வந்தோம். தினம் மூன்று முட்டை அதிகம் என்று இரண்டாகக் குறைத்தார். பழம் சீசனில் வாங்கியிருக்கலாம் என்றார். பால் பாக்கெட்டின் கலர் கேட்டார். கடைசியில் படிவத்தைப் பார்த்தால் ஆட்டோவுக்கு எதிரே நாற்பது ரூபாய் என்று இருக்கிறது. "டீச்சர், நான் நூத்தைம்பதுன்னுதானே சொன்னேன்?" என்றேன்.

"நீங்க ஏமாந்த காசையெல்லாம் அப்படியே எழுதினா, டெல்லியில உக்காந்து படிக்கிறவன் நம்ம தாம்பரத்துக்காரங்களைப் பத்தி என்ன நினைப்பான்?"

பத்துப் பேரும் ஷவர்மா

கமலா டீச்சரைக் கும்பிட்டு அனுப்பிய மறுநாள் பொத்தேரியிலிருந்து கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். தினேஷ், அவனுடைய ரூம் நண்பன். பார்ட் டைம் வேண்டுமாம். படிவம் எப்படி இருக்கும் என்று பார்த்து வரட்டும் என்று ஒரு காலிப் படிவத்தைக் கொடுத்தேன். அதை ஜெராக்ஸ் எடுத்து, மறுநாள் காலையில் பத்துப் படிவங்களை நிரப்பிக்கொண்டு வந்து மேஜையில் அடுக்கிவிட்டார்கள். நோயாளிகள் பெயரையே நான் இன்னும் வாங்கவில்லை!

கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. முதல் நோயாளி அறுபத்தொரு வயது வாட்ச்மேன். உடம்பு தேறுவதற்காகச் சாப்பிட்டது: ஷவர்மா. இரண்டாவது, ஏழு மாதக் கர்ப்பிணி. அவருக்கும் ஷவர்மா, கூடவே பாதி கிரில் சிக்கன். பத்துப் பேருமே அந்த மாதம் ஒரே ஐந்து நாட்கள் வேலைக்குப் போகவில்லை. நோயாளிகளுக்குள் அப்படி ஒரு ஒற்றுமை. "ஏம்ப்பா, இந்த அஞ்சு நாள் என்ன விசேஷம்?" என்று கேட்டேன். தினேஷ் தலையைச் சொறிந்தான். "இன்டர்னல் எக்ஸாம்க்கா." நண்பன் அவனை இடித்தான்: "மச்சான், நான்தான் அப்பவே சொன்னேன்ல, ஆளுக்குத் தகுந்த மாதிரி தேதியை மாத்துடான்னு." நான் படிவங்களை இரண்டாகக் கிழிக்கப் போனேன். தினேஷ் பாய்ந்து என் கையைத் தடுத்தான்.

"கிழிக்காதீங்கக்கா, பத்து பேர்ல ஒருத்தராவது நெஜமா இருக்க சான்ஸ் இருக்கு!"

கழுத்தில் தொங்குகிற அட்டை

முதல் வாரம் முடியும்போதுதான் முதல் நல்ல ஆள் கிடைத்தாள். ஜெனிஃபர். தெளிவாகக் கேட்டாள், சொன்னதைச் சொன்னபடி எழுதினாள். அப்பாடா என்று பெயரை எழுதிக்கொண்டேன். மறுநாளே அவள் அம்மா வந்துவிட்டார். பள்ளிக்கூட ஆசிரியை, கையில் குடை, முகத்தில் விசாரணைக் கமிஷன். அடையாள அட்டை மாதிரியைக் கையில் எடுத்து, தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"டி.பி.ன்னு போட்டிருக்கே. இதைக் கழுத்துல மாட்டிக்கிட்டு என் பொண்ணு எங்க சர்ச் தெருவுல நடக்கணுமா? இப்பதான் ரெண்டு வரன் வந்திருக்கு. பாக்கறவங்க அவளுக்கே டி.பி.ன்னு நினைக்க மாட்டாங்களா?" நியாயம்தான். அவள் விஷயம் இருக்கட்டும், அந்த அட்டையோடு ஒரு நோயாளி வீட்டு வாசலில் போய் நின்றால் தெருவே பார்க்குமே. எனக்கு அது தோன்றவே இல்லை. அன்றைக்கே டாக்டர் மேடத்திடம் பேசி அட்டையை மாற்றினோம்: "குடும்பச் செலவு ஆய்வு." புது அட்டையை அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். குடையை மடக்கி வைத்துவிட்டு நெடுநேரம் படித்தார். முகம் மலர்ந்தது.

"இதுலயே 'சென்ட்ரல் கவர்ன்மென்ட்'னு ஒரு வரி சேர்த்துக்கலாமா மேடம், மாப்பிள்ளை வீட்ல கேப்பாங்க."

இரண்டே பதில்

எஸ்தர் அக்கா ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அமுதாவாக எதிரே உட்கார்ந்தேன். பெயர் கேட்டார், வயது கேட்டார். மூன்றாவது கேள்வி படிவத்திலேயே இல்லை: "சாப்பிட்டியாம்மா?"

மணி இரண்டரை. நான் சாப்பிடவில்லை. காலையில் பாப்பா கக்கிய யூனிஃபார்மைத் துவைத்துக் காயப்போட்டு, ரயிலைப் பிடித்து, நாலு பேரைச் சோதித்து நாலு பேரையும் அனுப்பி, ஒரு ஆள்தான் கையில் என்ற பயத்தோடு உட்கார்ந்திருந்தேன். "இல்லைங்க" என்று சொன்னபோது குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. அவ்வளவுதான். எஸ்தர் அக்கா பேனாவை மூடிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ண ஆரம்பித்தார். அமுதாவின் நுரையீரலில் ஆரம்பித்து அமுதாவின் வீட்டு ஓனர் வரைக்கும் எல்லோருக்காகவும் வேண்டிக்கொண்டார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் படிவத்தில் பெயரும் வயதும்தான் இருந்தன. ஒழுங்காகக் கேள்வி கேட்கச் சொல்லித் தரலாம், இப்படிக் கையைப் பிடிக்கச் சொல்லித் தர முடியாது என்று சேர்த்துக்கொண்டேன். ஆள் இரண்டு. கண்ணைத் துடைத்து சூப்பர்வைசர் முகத்தை மாட்டிக்கொண்டு, "நல்லா நடிச்சேனா அக்கா?" என்றேன்.

"அமுதா நடிப்பு, அழுகை உன்னுது, முதல்ல போய் சாப்பிடு."

செருப்பு சாட்சி

செல்வி மகளிர் குழுக் கடன் வசூலிக்கப் போகிறவர். பீர்க்கன்கரணையில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. இப்படி ஒரு ஆள்தான் வேண்டும் என்று குதித்தேன். நோயாளிகளிடம் போகும் முன் பழகுவதற்காக, சாதாரண வீடுகளில் சம்மதம் கேட்டு மாதச் செலவை விசாரிப்பது வழக்கம். அதற்காக ஒரு காலைப் பொழுதில் இருவரும் ஏரிக்கரைப் பக்கம் போனோம்.

நாங்கள் தெருவில் கால் வைத்தபோது டி.வி. சத்தம், குக்கர் விசில், குழாயடியில் பேச்சு எல்லாம் இருந்தது. பத்தடி நடந்தோம். முதலில் டி.வி.கள் நின்றன. பிறகு குழாயடி காலியானது. ஒரு வீட்டுக் கதவு இரண்டு விரல் அளவு திறந்து, ஒரு கை மட்டும் வெளியே வந்து, வாசலில் கிடந்த செருப்புகளை உள்ளே இழுத்துக்கொண்டது. அடுத்த வீட்டிலும் அப்படியே. கடைசி வரைக்கும் தட்டினோம். குக்கர்கள்கூட விசில் அடிக்காமல் அடக்கி வாசித்தன. "என்னக்கா, தெருவே ஊருக்குப் போயிடுச்சா?" என்றேன். செல்வி இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். அவரைச் சேர்த்துக்கொண்டேன், ஆனால் அவரிடம் யாரும் கடன் வாங்காத பகுதியாகப் பார்த்துப் போடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

"இன்னா மேடம் நீ, எல்லாம் வூட்லதான் கீறாங்க, செருப்ப உள்ள எடுத்துகினு போனா ஆளு உள்ள கீதுன்னு அர்த்தம், செருப்பு வெளிய கெடந்தாதான் நெஜமாவே இல்லைன்னு அர்த்தம்."

புது நோட்டீஸ்

இரண்டு வாரத்தில் மூன்றே பேர். வந்தவர்கள் எல்லோருமே பிரமாதமாகப் பேசினார்கள். அதுதான் தகராறே என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எதிரே இருப்பவர் ஒரு வரி சொன்னால் இவர்கள் ஒன்பது வரி சொல்கிறார்கள். பழைய நோட்டீஸ்களையெல்லாம் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டினேன்: "பேசாமல் கேட்கத் தெரிந்தவர்கள் தேவை." ஐந்து நல்ல பெண்கள் இதைப் பார்த்து வந்து சேர்ந்தார்கள். எட்டு! நான் வீட்டில் அன்று கேசரி கிளறினேன். அந்த நோட்டீஸைப் பார்த்து வந்த போன்களில் ஒன்றை மட்டும் மறக்க முடியாது. சேலையூர் பக்கமிருந்து ஒரு பெரியவர், ரொம்பத் தயக்கமான குரல்.

"மேடம், பேசாம கேட்டுக்கிட்டு இருக்கறதுக்குச் சம்பளம் தர்றதா போட்டிருக்கு, அதைத்தான் நான் முப்பத்தாறு வருஷமா வீட்ல ஃப்ரீயா செஞ்சிட்டிருக்கேன்."

எட்டாவது நாற்காலி

பயிற்சி நாள். ஒன்பதரைக்கு ஏழு பேர் வந்துவிட்டார்கள். எட்டாவது ஆளான பிரியதர்ஷினி போன் பண்ணினாள்: "சாரி மேடம், எனக்கு வேற எடத்துல ஆர்டர் வந்துடுச்சு." பத்து மணிக்கு டாக்டர் மேடம் வந்துவிடுவார். என் கையில் பிரியதர்ஷினி என்று எழுதின பேட்ஜ். கண்ணில் பாரிமுனை.

நம் பக்கத்துப் பெண்கள் புது வேலையின் முதல் நாள் தனியாக வருவதில்லை, தெரியும்தானே. யாராவது துணைக்கு வருவார்கள். வந்து, இடம் எப்படி, ஆட்கள் எப்படி, பாத்ரூம் எப்படி என்று பார்த்துப் போய் வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கும் பின்சுவரோரம் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தர் சுமதி. நித்யா என்கிற பெண்ணின் ஓரகத்தி. மாமியார் அனுப்பிய ஒற்றர். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் நேராகப் போய் பேட்ஜை அவர் புடவையில் குத்தினேன். "அக்கா, ஒரு பத்து நிமிஷம் அந்த நாற்காலியில உக்காருங்க. மேடம் தலையை எண்ணிட்டுப் போயிடுவாங்க." "பேசணுமா?" என்றார் சுமதி. "வேண்டவே வேண்டாம்." போய் உட்கார்ந்தார்.

டாக்டர் மேடம் வந்தார், எண்ணினார், "எட்டு. பரவாயில்லையே" என்றார். என் உயிர் திரும்பியது. ஆனால் மேடம் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, மடித்த தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். "நான்தான் பேஷண்ட். வீட்டோட இருக்கற பொம்பளை. எனக்கு என்ன செலவாச்சுன்னு கண்டுபிடிங்க." ஜெனிஃபர் பஸ்ஸைக் கேட்டாள். "பெண்களுக்கு ஃப்ரீ." மருந்து? "ஃப்ரீ." செல்வி கேட்டார், "ஹோட்டல்ல சாப்ட்டீங்களா?" "வீட்லேருந்து கட்டிட்டுப் போயிடுவேன்." வேலைக்குப் போகாததால் சம்பளம் போகவில்லை. நகை அடகு வைக்கவில்லை. எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். "அப்போ எனக்குச் செலவே இல்லை, அப்படித்தானே?" என்று மேடம் எல்லோரையும் பார்த்தார். ஏழு பேரும் தலையாட்டினார்கள். உண்மையைச் சொன்னால் நானும் ஆட்டினேன்.

"பிரியதர்ஷினி, நீங்க எதுவுமே கேக்கலையே?"

சுமதி திரும்பவே இல்லை. அது அவர் பெயர் இல்லையே! இரண்டாவது முறை கூப்பிட்டபோது நித்யா தொடையில் கிள்ளினாள். சுமதி எழுந்து நின்றார். நான் ஜன்னல் வழியாக ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் பார்க்க ஆரம்பித்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு உங்க கூட யாருக்கா வந்தாங்க?" என்றார் சுமதி. மேடம் நிமிர்ந்தார். "என் தங்கச்சி." "ஒவ்வொரு தடவையுமா?" "ஆமா." "அப்போ அவங்க வேலை?"

மேடம் கையிலிருந்த தாளைப் பிரித்துக் காட்டினார். அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: தங்கை, கட்டட வேலை, துணைக்கு வரும் நாளெல்லாம் கூலி போச்சு. "இந்தத் தாளோட ஊர் ஊரா பயிற்சி கொடுக்கறேன். முதல் நாள்ல யாரும் இதைக் கேட்டதே இல்லை. உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

"எனக்கு இன்னிக்கு ரெண்டு பிளவுஸ் போச்சு மேடம்" என்றார் சுமதி. "வீட்ல தையல் மிஷின் வெச்சிருக்கேன். இவளுக்குத் துணையா வந்தேன். என் பேரு பிரியதர்ஷினி இல்லை, சுமதி. இந்த அக்கா உக்காரச் சொன்னாங்க, உக்காந்தேன்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். "ப்ளஸ் டூ முடிச்சிருக்கீங்களா?" என்று மேடம் சுமதியிடம் கேட்டார். "முடிச்சேன் மேடம். உடனே கல்யாணத்தையும் முடிச்சிட்டாங்க." "வேலைக்கு வர இஷ்டமா?" சுமதி நித்யாவைப் பார்த்தார். நித்யா சொன்னாள்: "ரெண்டு பேரும் வந்துட்டா மாமியாருக்கு ஒற்றர் செலவு மிச்சம்க்கா." மேடம் சிரித்தே விட்டார். பேட்ஜை வாங்கி, பிரியதர்ஷினியை அடித்து, மேலே சுமதி என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னை அருகில் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்துப் போய் நின்றேன். மேடம் பேனாவால் பின்சுவரைக் காட்டினார்.

"ஆள் கணக்குல என்னை ஏமாத்தினதை அப்புறம் பேசிக்கறேன், இப்போ அந்த வரிசையில மீதி இருக்கற நாலு பேரையும் எழுந்து போறதுக்குள்ள பேர் எழுதிக்கோங்க, பக்கத்து ஏரியாவுல ஆள் குறையுது."

ஆகவே ஆள் தேடி அலைகிற சக தோழர்களே, வேலை கேட்டு வருகிறவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, கூட வந்தவர் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.